காய்ந்த மையும் பொறுமையில்லாத கையும்

2020-இல் மகளின் இணையவழி வகுப்புகளுக்காக வாங்கி, பள்ளி திறந்த பிறகு பழைய போர்வையைப் போர்த்தி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்ட இங்க்ஜெட் பிரிண்டரை, நான்கு ஆண்டுகள் கழித்துச் சென்ற மாதம்தான் கீழே இறக்கினேன். விளக்குகள் எரிந்தன, தாளும் ஒழுங்காக உள்ளே போனது. போன தாள் போனபடியே வெள்ளையாக வெளியே வந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரும் எதைச் செய்வார்களோ அதையே நானும் செய்தேன்: கணினியில் ‘ஹெட் கிளீனிங்’ என்ற கட்டளையைக் கொடுத்தேன். (ஹெட் என்பது தாளில் மையைத் தெளிக்கும் துளைப்பகுதி.) பலனில்லை என்றதும் மறுபடியும் கொடுத்தேன். அன்றிரவு மொத்தம் ஐந்து முறை கொடுத்திருப்பேன். நெடுநாள் காய்ந்து கிடந்த கார்ட்ரிட்ஜுக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கை எனக்கு ஒரு நிறத்தை விலையாக வாங்கிக்கொண்டு வந்தது.

மறுநாள் கறுப்பு, வண்ணம் இரண்டு கார்ட்ரிட்ஜுகளையும் கழற்றி, மை நிரப்பித் தரும் கடைக்கு எடுத்துப் போனேன். கடையில் இருந்த தம்பி அவற்றைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “நாலு வருஷமா சார்? அது செத்துப்போச்சு, புதுசு போட்டுக்கங்க” என்றார். புதிய இரண்டின் விலையைக் கேட்டால், அன்று பிரிண்டருக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் வந்தது. அவர்மீது எனக்குக் கோபமில்லை. ஒரு கார்ட்ரிட்ஜோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினால் அவருக்கு என்ன கூலி கிடைக்கும்? ஆனால் ‘செத்துப்போச்சு’ என்ற அந்தத் தீர்ப்பை ஏற்க மனம் வரவில்லை.

மை என்பது பெரும்பாலும் தண்ணீர்தான். அதனுடன் எளிதில் ஆவியாகாத கிளைக்கால் வகைத் திரவங்களையும் சாயத்தையோ நிறமித் துகளையோ கலந்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது தண்ணீர் போய்விடும். கிளைக்கால் பெருமளவு தங்கிவிடும். ஆகவே உள்ளே மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பாகுபோல் இறுகிய மைதான், கல்லாகிப் போன மை அன்று. பாகு மறுபடி இளகும். சாயம் கலந்த வண்ண மை சுலபமாக இளகிவிடுகிறது. கறுப்பில் பல வகைகளில் கரித்துகள் இருப்பதால் அதற்குக் கூடுதல் நேரமும் பொறுமையும் வேண்டும்.

கார்ட்ரிட்ஜின் அடியில் உள்ள மெல்லிய பட்டையில் மயிரிழையைவிட நுண்ணிய துளைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு துளைக்குப் பின்னும் ஒரு மின்தடை, அதாவது மின்சாரம் பாய்ந்தால் சூடேறும் ஒரு சிறு உறுப்பு. ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரத்துக்குள் அது 300 டிகிரிக்கு மேல் சூடேறி, தன்னைத் தொட்டிருக்கும் மையைக் கொப்புளமாக்குகிறது. கொப்புளம் ஒரு துளியை வெளியே தள்ளுகிறது. ஜப்பானின் கேனன் நிறுவனத்தில் 1977-இல் மை நிரம்பிய ஊசியின்மேல் சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாகப் பட்டு மை பீறிட்டதிலிருந்து இந்த யோசனை பிறந்ததாக அந்நிறுவனம் சொல்கிறது. நம் கதைக்கு முக்கியமான செய்தி வேறு. அந்த மின்தடையைக் குளிர்விப்பதும் மைதான். மை வந்து சேராத துளையில் மின்துடிப்பு மட்டும் திரும்பத் திரும்பப் பாய்ந்தால், தண்ணீரில்லாத குக்கரை அடுப்பில் ஏற்றிய கதைதான்: அந்தத் துளை நிரந்தரமாகப் போய்விடும். கிளீனிங் கட்டளையின்போது பிரிண்டர் மையை உறிஞ்சி இழுக்கவும் செய்கிறது, துளைகளைச் சுட்டுப் பார்க்கவும் செய்கிறது. லேசான அடைப்புக்கு அது நல்ல வைத்தியம். நான்காண்டு அடைப்புக்கு அதைத்தான் கடைசியாகச் செய்ய வேண்டும், நாமோ அதைத்தான் முதலில் செய்கிறோம்.

நான் சொல்லப்போகும் வைத்தியமெல்லாம் அடியில் துளைப்பட்டையும் செம்பு நிற மின் தொடுமுனைகளும் உள்ள கார்ட்ரிட்ஜுக்கு மட்டுமே பொருந்தும். எச்பி நிறுவனம் 1984-இல் திங்க்ஜெட் என்ற பிரிண்டரை விற்க வந்தபோது, அடைத்துக்கொள்ளும் இயல்புள்ள ஹெட்டை மைக்கூட்டோடு சேர்த்தே வைத்து, மை தீர்ந்ததும் இரண்டையும் ஒன்றாகத் தூக்கியெறியும்படி வடிவமைத்தது. எறிவதற்காகச் செய்த அந்த ஏற்பாடே நமக்கு வசதியாகிவிட்டது, ஏனெனில் நோய்ப்பட்ட உறுப்பை மட்டும் தனியே கழற்றிக் கிண்ணத்தில் வைத்துக் கழுவ முடிகிறது. எப்சன் போன்றவற்றில் ஹெட் பிரிண்டருக்குள்ளேயே இருப்பதால் அங்கே வழிமுறை வேறு.

நான் செய்ததைச் சொல்கிறேன். ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு துளைகளிலேயே படிந்துவிடும் என்பதால், இன்வெர்ட்டருக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரை ஒரு கேன் வாங்கினேன். (கடையில் ‘பேட்டரித் தண்ணீர்’ என்று மட்டும் கேட்காதீர்கள், அமிலத்தை எடுத்துக் கொடுத்துவிடப் போகிறார்கள்.) அதைக் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கி, தட்டையான கிண்ணத்தில் அரை சென்டிமீட்டருக்கும் குறைவாக ஊற்றி, துளைப்பட்டை மட்டும் நனையும்படி கார்ட்ரிட்ஜை நிறுத்தினேன். கொதிக்கும் தண்ணீர் கூடாது. பட்டையை ஒட்டியிருக்கும் பசை பிரிந்துவிடும். பத்து நிமிடம் கழித்துத் தண்ணீரில் புகைபோலக் கறுப்பு இறங்கத் தொடங்கியபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை. தண்ணீர் ஆறியதும் மாற்றி மாற்றி நான்கு முறை வைத்தபின், ஈரமான டிஷ்யூ பேப்பரை மடித்து, அதன்மேல் துளைகள் படும்படி உட்காரவைத்து, மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இரவு முழுவதும் விட்டுவிட்டேன். உண்மையான வேலை அந்த இரவில்தான் நடக்கிறது. அந்நேரம் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்பதுதான் பலருக்குச் சிரமம்.

காலையில் கறுப்பு கார்ட்ரிட்ஜின் ஸ்டிக்கரைத் தூக்கி, அடியில் தெரிந்த சிறு துளை வழியாகச் சிரிஞ்சால் மூன்று மில்லிலிட்டர் புது மையை மிக மெதுவாக இறக்கினேன். உள்ளே இருப்பது பஞ்சு. அவசரப்பட்டால் காற்றுக் குமிழிகள் சிக்கி, மை இருந்தும் துளைவரை வராது. பிறகு தொடுமுனைகளை மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன். உலர்ந்த டிஷ்யூவில் ஒற்றிப் பார்த்தபோது கறுப்பு ஒரே கோடாகப் பதிந்தது. வண்ண கார்ட்ரிட்ஜில் மஞ்சள், கருஞ்சிவப்பு, நீலம் மூன்றும் முதலில் ஒன்றோடொன்று கலந்து சேறாக வந்து, ஏழெட்டு ஒற்றலுக்குப் பிறகு தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்தன. அதன் பிறகே பிரிண்டரில் பொருத்தி, ஒரே ஒரு முறை கிளீனிங் கொடுத்து, சோதனைப் பக்கத்தை எடுத்தேன்.

கறுப்பு, ஒரு மெல்லிய வெள்ளைக் கோட்டைத் தவிர, புதிதுபோல அடித்தது. மஞ்சளும் கருஞ்சிவப்பும் வந்தன. நீலம் அறவே வரவில்லை. டிஷ்யூவில் தாராளமாக ஒழுகும் நீலம் தாளில் ஏன் வரவில்லை? துளை திறந்திருக்கிறது, மை இருக்கிறது, தொடுமுனை சுத்தமாக இருக்கிறது. அப்படியானால் கெட்டுப்போனது மின்தடைகளோ அவற்றுக்குச் செல்லும் மின்வழியோதான். முதல் இரவின் ஐந்து கட்டளைகளைத் தவிர வேறெதன்மீது நான் சந்தேகப்படுவது? ஒற்றும்போதும் மை வராவிட்டால் அடைப்பு, ஒற்றும்போது வந்து அச்சில் வராவிட்டால் மின்கோளாறு என்ற இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்து பாராமல் எந்தக் கார்ட்ரிட்ஜையும் செத்ததாகச் சொல்வதை நான் இனி நம்பமாட்டேன்.

‘மை தீர்ந்துவிட்டது’ என்று பிரிண்டர் திரையில் புலம்புவதையும் பொருட்படுத்தத் தேவையில்லை. இவ்வகைக் கார்ட்ரிட்ஜில் அது மையை அளப்பதில்லை, வெளியே தள்ளிய துளிகளை எண்ணிக் கணக்குப் போடுகிறது. நான் ஊற்றிய மூன்று மில்லிலிட்டர் அந்தக் கணக்கில் ஏறாது. பழைய அசல் கார்ட்ரிட்ஜைக் காப்பாற்றுவதில் இன்னொரு லாபமும் உண்டு. 2016 செப்டம்பரில் எச்பியின் சில அலுவலகப் பிரிண்டர்கள் வேற்று நிறுவனச் சில்லு (சிப்) வைத்த கார்ட்ரிட்ஜுகளைத் திடீரென ஏற்க மறுத்தன. கண்டனம் எழுந்த பிறகே அந்நிறுவனம் அந்தத் தடையை நீக்கும் மென்பொருளைத் தந்தது. மை நம்முடையதானாலும் கூடு அசலாக இருந்தால் அந்த வம்பு குறைவு.

எனக்கு இதில் மொத்தச் செலவு ஒரு கேன் தண்ணீர், ஒரு சிரிஞ்சு, ஒரு சிறு புட்டி மை. நேரத்தைக் கணக்கில் எடுத்தால் லாபமா என்று என் மனைவி கேட்டார். மாதம் இருபது பக்கம் அச்சடிக்கும் வீட்டுக்கு லாபந்தான் என்றேன், அவர் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. இப்போது ஞாயிறுதோறும் அரைப் பக்கமாவது அடித்துவிடுகிறேன். மகளின் கல்லூரி விண்ணப்பம் கறுப்பில் அழகாக வந்தது. அதன் மூலையில் இருந்த நீலச் சின்னம் மட்டும் இளஞ்சிவப்பாக வந்திருக்கிறது.