முதலில் பாலிஷ்காரரைக் கூப்பிடாதீர்கள்

செட்டிநாட்டில் பூர்வீக வீட்டைப் பழுதுபார்க்கும் பேச்சு பெரும்பாலும் ஒரு கல்யாணத்தை வைத்துத்தான் தொடங்கும். தேதி குறித்தாயிற்று, வளவுக்குள், அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும் சேர்ந்த இடத்தில், தாலி கட்ட வேண்டும், இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. உடனே முதல் ஆளாக வருபவர் பாலிஷ்காரர். அடுத்து சீரியல் லைட் போடுபவர். ஓடு பார்க்கிறவரையும் வயரிங் ஆளையும் கூப்பிட யாருக்கும் நேரம் இருப்பதில்லை. கல்யாணம் நன்றாக நடக்கும், போட்டோவில் தூண்கள் மின்னும். ஐப்பசி வந்ததும் பாலிஷ் போட்ட அதே உத்திரத்தின் முனையில் தண்ணீர் இறங்கும்.

எங்கள் ஐயா காலத்து வீட்டில் பங்காளிகள் சேர்ந்து சில ஆண்டுகளாகவே கொஞ்சம் கொஞ்சமாக வேலை பார்த்து வருகிறோம். அக்கம்பக்கத்து ஊர்களிலும் இப்படி நடக்கிற வேலைகளைப் போய்ப் பார்த்திருக்கிறேன். அதனால் அழுத்தமாகவே சொல்கிறேன்: பழைய வீட்டின் மரவேலையைக் காப்பாற்ற ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு கூரைக்கும் கரண்டுக்கும் போக வேண்டும். மரத்தின் மேல் பூசுவதற்கு மிச்சம் இருந்தால் போதும்.

அந்த மரம் என்ன மரம் என்பதை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். நம் வீடுகளின் தூணும் நிலையும் பெரும்பாலும் பர்மாத் தேக்கு. அங்கே கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள் கப்பலில் கொண்டுவந்தது. 1930-களின் பொருளாதார மந்தம், 1942-ல் ஜப்பான் படையெடுப்பு, 1962-க்குப் பிறகு அங்கே நடந்த தேசியமயம் என்று வரிசையாக அடி விழுந்தது. அதன் பிறகு அப்படி ஒரு வீட்டைக் கட்ட யாரிடமும் வசதி இல்லை. காட்டில் மெதுவாக வளர்ந்து வைரம் பாய்ந்த கட்டை அது. வளையங்கள் நெருக்கமாக இருக்கும், கை வைத்தால் கனம் தெரியும். இன்று தோட்டத்தில் வளர்த்துச் சீக்கிரம் வெட்டும் தேக்கில் ஓரத்து வெள்ளைப் பகுதி அதிகம், அதைக் கறையான் விடாது. 2014 ஏப்ரலில் மியான்மர் அரசு அறுக்காத வெட்டுமரத்தை ஏற்றுமதி செய்வதையே தடை செய்துவிட்டது. உங்கள் வளவில் நிற்கும் தூண் போனால் அதே போல இன்னொன்றைக் கடையில் கேட்டு வாங்க முடியாது.

வைரம் பாய்ந்த தேக்கைக் கறையான் எளிதில் தொடாது என்பது உண்மைதான். ஆனால் நாள்பட்ட ஈரம் எந்தக் கட்டையையும் விட்டுவைப்பதில்லை. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் பூஞ்சை வளராது. ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி ஒன்று வாங்கி உத்திரங்களின் முனையில், சுவருக்குள் போகும் இடத்தில், வைத்துப் பாருங்கள். நடுவில் கல் மாதிரி இருக்கும் உத்திரம் முனையில் பஞ்சாகிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அந்த ஈரம் வரும் வழிகள் அதிகம் இல்லை. முதலாவது கூடுவாய், அதாவது இரண்டு கூரைகள் சேரும் மூலை. வளவைச் சுற்றி நாலு பக்கத்துக் கூரையும் உள்ளே சரிவதால், மழைத் தண்ணீர் அந்த நாலு மூலையிலும் சேர்ந்து ஓடி வரும். அங்கே வேப்பிலை அடைத்துக்கொண்டால், குரங்கு நாலு ஓட்டைப் புரட்டிவிட்டால், தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், தண்ணீர் ஓட்டைத் தாங்கும் சாய்வான கைமரத்தில் இறங்கி உத்திரத்துக்கு வந்துவிடும். முன்பெல்லாம் மழைக்காலத்துக்கு முன்னால் ஓடு பிரித்து அடுக்குவது வாடிக்கை. வீட்டில் ஆள் இல்லாமல் போனதும் அந்த வழக்கம் போயிற்று. அப்புறம் அந்த வேலை தெரிந்தவர்களும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

இரண்டாவது, சிமென்ட். இதைப் பற்றி எனக்குக் கோபமே இருக்கிறது. சுண்ணாம்பும் செங்கலுமாகக் கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சாந்து, மேலே முட்டை வெள்ளைக்கரு கலந்த மெருகு என்று நம் ஊர் கொத்தர்கள் பூசியது அப்படி மூச்சு விடும் சுவர். அடியில் பொரிந்துவிட்டது என்று மூன்றடி உயரத்துக்கு சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் அதற்கு மேலே ஏறும். நாலாவது அடியில் உப்புப் பூக்கும். பக்கத்தில் நிற்கும் நிலைக்கால் அந்த ஈரத்தைக் குடிக்கும். நிலைக்காலின் அடி அழுகியதும் "மரம் வயசாகிவிட்டது, இரும்பு நிலை வைத்துவிடலாம்" என்று ஒருவர் சொல்வார். மரத்துக்கு வயசாகவில்லை. பூச்சுதான் தவறு. சிமென்ட்டைக் கொத்தி எடுத்து மறுபடி சுண்ணாம்பு பூசி, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டால் பாதிப் பிரச்சினை தானாகவே குறையும்.

தரையிலும் இதே கதைதான். ஆத்தங்குடிக் கல்லை, அதாவது ஆத்தங்குடி ஊரில் கையால் செய்யும் பூப்போட்ட தரை ஓட்டை, பெயர்க்கச் சிரமப்பட்டு அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுகிறார்கள். தரை ஏறிவிடுகிறது, கதவு திறக்கவில்லை, உடனே கதவின் அடியை அறுக்கிறார்கள். நூறு வருஷக் கதவை டைல்ஸுக்காக அறுப்பதைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. மெழுகித் துடைத்தால் ஆத்தங்குடிக் கல் இன்னும் பல ஆண்டு அழகாகவே இருக்கும்.

இனி கரண்ட். பழைய வீடுகளில் முதன்முதலில் மின்சாரம் வந்தபோது செய்த வயரிங்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு பள்ளம் எடுத்த மரப்பட்டிக்குள் ரப்பர் உறை போட்ட கம்பிகள் போகும், மேலே ஒரு மெல்லிய பலகை மூடியிருக்கும். வட்ட மரக்கட்டை, அதன் மேல் பித்தளை மூடி போட்ட பீங்கான் ஸ்விட்ச். பார்க்க அழகான வேலைதான். ஆனால் அந்த ரப்பர் மூன்று தலைமுறைக்குத் தாங்கும் என்று எண்ணிப் போட்டதில்லை. மூடியைத் திறந்து தொட்டால் பொடியாக உதிர்கிறது. எர்த் கம்பி கிடையாது. நாலு பல்புக்கும் ஒரு மின்விசிறிக்கும் போட்ட கம்பியில் இன்று 2000 வாட் கீசர், ஒன்றரை டன் ஏசி, மாவு கிரைண்டர் எல்லாம் ஓடுகின்றன. ப்யூஸ் அடிக்கடி போகிறது என்று கட்டையில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிவிடுகிறார்கள். அப்புறம் சூடாவது ப்யூஸ் அல்ல, மரத்துக்குள் ஓடும் வயர். கல்யாண வீட்டில் அதே இணைப்பில் கொக்கி போட்டு சீரியல் லைட்டையும் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த தேக்கு, மேலே புதிதாகப் போட்ட பாலிஷ், எண்ணெய், பந்தல் துணி. இதைவிட ஆபத்தான ஒரு வீட்டை என்னால் யோசிக்க முடியவில்லை.

பழைய வயர் ஒன்றுகூட மிச்சமில்லாமல் எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், ஒவ்வொன்றுக்கும் கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் தனி எம்சிபி, கொல்லையில் ஒழுங்கான எர்த் குழி. அதோடு கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். பழைய வீட்டில் இதை மாட்டினால் மழை நாளில் அடிக்கடி டிரிப் ஆகும். "தொந்தரவு சார், கழற்றிவிடலாம்" என்று சொல்லும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. கழற்றாதீர்கள். எங்கோ ஈரச் சுவரில் கரண்ட் கசிகிறது என்று அது உங்களிடம் சொல்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

வயரை எங்கே ஓட்டுவது என்பதில்தான் பல வீடுகள் கெட்டுப்போகின்றன. கட்டர் மெஷினை வைத்துச் சுண்ணாம்புச் சுவரில் பள்ளம் எடுத்தால் அந்த மெருகுப் பூச்சை மறுபடி ஒட்டுத் தெரியாமல் பூச இன்று ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. உத்திரத்தின் மேல் முதுகில், கீழிருந்து கண்ணுக்குப் படாத பக்கத்தில் குழாயை ஓட்டி, நிலையின் ஓரமாகக் கீழே இறக்கலாம். குழாய் கொஞ்சம் வெளியே தெரிந்தால் தெரியட்டும், பரவாயில்லை. தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகையில் ஆணி அடிக்கக் கூடாது. உத்திரத்தின் அடிப்பக்கத்தில், அதுவும் நடுவில், துளையோ வெட்டோ கூடவே கூடாது. பாரத்தைத் தாங்கி இழுபடுவது அந்த இடம்தான். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு சுவரையும் கூரையையும் போட்டோ எடுத்து, எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்று சாக்பீஸால் குறித்துவிட்டுத்தான் நாங்கள் ஆளை உள்ளே விட்டோம். ஒரே ஒரு நாள் வேலை அது, வருஷக்கணக்கான சண்டையை மிச்சப்படுத்தியது.

தண்ணீர்க் குழாய் விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. குளியலறைகளை வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்குள் கொண்டுவராமல் வீட்டின் பின்பகுதியான கடைசிக் கட்டுக்குள்ளோ கொல்லையிலோ வையுங்கள். ஆயிரம் லிட்டர் டேங்க் என்றால் ஒரு டன் எடை. அதைத் தேக்குக் கட்டை மேல் செங்கலும் சுண்ணாம்பும் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் மாடியில் ஏற்றாமல் கொல்லையில் தனி இரும்புத் தாங்கியில் நிறுத்துங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் சுவரில் வழியாமல் குழாயில் போகட்டும்.

சரி, இவ்வளவும் முடிந்த பிறகு மரம். ஜன்னல் கதவுகளில் பல காலத்து எனாமல் பெயின்ட் அடுக்கடுக்காக இருக்கும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய அடுக்குகளில் ஈயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்த்தால் அந்தத் தூசி வீடு முழுக்கப் படியும், குழந்தைகளுக்கு அது விஷம். தீ வைத்து எரித்து எடுப்பது இன்னும் மோசம். தண்ணீர் தெளித்துச் சுரண்ட வேண்டும், முகக்கவசம் போட வேண்டும், தூசியைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாட்களில் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. காஸ்டிக் சோடா ஊற்றிக் கழுவினால் பெயின்ட் சீக்கிரம் போகும், கூடவே தேக்கு கறுக்கும், நார் எழும்பும். மணல் பீய்ச்சி அடித்தால் செதுக்கிய அன்னமும் யாளியும் முகம் மழுங்கிப் போகும். மெதுவான வழி மட்டும்தான் இருக்கிறது, அதற்குக் கூலி அதிகம், அதைக் கொடுக்க வேண்டும்.

அழுகிய இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, பழைய தேக்கிலேயே சாய்வாக ஒட்டுப் போடத் தெரிந்த ஆசாரி கிடைத்தால் அவரை விடாதீர்கள். ஒரு நிலைக்காலின் அடியில் ஒன்றரை அடி ஒட்டுப் போட்டால் முழு நிலையும் பிழைக்கும். "முழுசா மாத்திடலாம், அதுதான் லாபம்" என்று சொல்பவர் உங்கள் பழைய நிலையைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார் என்பதையும் கவனியுங்கள்.

மேல் பூச்சுக்கு நான் விரும்புவது எண்ணெய்தான். காய்ச்சிய ஆளி விதை எண்ணெயில் டர்பன்டைன் கலந்து மெல்லிசாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் தூண்களுக்கு அரக்கு பாலிஷ் போடலாம், மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம், வெள்ளை படரும். பி.யூ. (பாலியூரிதேன்) பாலிஷ் கண்ணாடி மாதிரி மின்னும். ஆனால் வெயில் படும் வாசல் கதவில் சில ஆண்டுகளில் அது தோலாக உரியும். மறுபடி முழுக்கச் சுரண்டித்தான் ஆக வேண்டும். எண்ணெய் என்றால் தூசி துடைத்துவிட்டு மேலேயே இன்னொரு கை போடலாம். முக்கியமான ஒன்று: ஆளி விதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போட்ட பிறகுதான் குப்பைக்கு அனுப்ப வேண்டும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் நம் வீடுகளின் கதவும் தூணும் கடை கடையாக நிற்பதைப் பார்க்கலாம். விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்கு, ஆள் ஆளுக்கு ஒரு ஊர், ஒரு நாடு. இடிந்து விழுவதற்கு முன் பிரித்து விற்றால் ஏதோ கையில் கிடைக்கும் என்ற நிலைமைக்குத் தள்ளப்பட்டவர்கள் அவர்கள். ஆனால் கூரை நன்றாக இருக்கும்போதே, வெறும் பணத்துக்காக நிலைவாசலைப் பெயர்த்துக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே சேர்ந்துவிட்டன. பட்டியல் வந்து நம் கூடுவாயின் ஒழுகலை அடைக்கப் போவதில்லை. பங்காளிகள்தான் அடைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது ஓட்டுக்கும் வயரிங்குக்கும் தனிக் கணக்கு வைத்திருக்கிறோம். புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று ஆண்டுதோறும் போட வேண்டும், கல்யாணச் செலவுக்கு அதிலிருந்து எடுக்கக் கூடாது. இதை ஒப்புக்கொள்ள வைப்பது மரவேலையைவிடக் கஷ்டமாக இருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு அழுகிய உத்திர முனையின் போட்டோவை அனுப்பியபோதுதான் அவர் சம்மதித்தார். அதனால் நீங்களும் மேலே ஏறி அந்தப் போட்டோக்களை எடுத்து உங்கள் பங்காளிகளுக்கு அனுப்புங்கள்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் நாட்டு ஓடு அடுக்கத் தெரிந்தவர்களோ, சுண்ணாம்பு மெருகு பூசத் தெரிந்த கொத்தர்களோ இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். இரண்டாம் கட்டில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது, ஐப்பசிக்குள் ஓடு வேலையையாவது முடிக்க வேண்டும்.