ஹூப்ஃபெஸ்ட்டுக்குப் போகிறவர்கள் ஓரத்துக் கோர்ட்டுகளைப் பாருங்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிழக்கு எல்லையை ஒட்டிய ஸ்போகேன் நகரில், ஜூன் மாதக் கடைசி சனி ஞாயிறு வந்துவிட்டால் நகர மையத்தில் கார் ஓடாது. வெள்ளிக்கிழமை மாலையிலிருந்தே தெருக்களை அடைத்து, ரிங் கம்பங்களை இறக்கி வரிசையாக நிறுத்திவிடுவார்கள். 1990-ல் தொடங்கிய ஹூப்ஃபெஸ்ட் இது. ஒரே ரிங் வைத்து அரைக் கோர்ட்டில் மூவருக்கு மூவர் ஆடும் தெருக் கூடைப்பந்து. உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் 6,000 அணிகளைத் தாண்டியது, கோர்ட்டுகள் 400-ஐத் தாண்டின. மக்கள்தொகை சுமார் 2.3 லட்சம்தான் உள்ள ஊர் என்பதை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பாருங்கள்.

சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ஐ-90 நெடுஞ்சாலையில் சுமார் 450 கிலோமீட்டர். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: கேலரி போட்டிருக்கும் பெரிய கோர்ட்டிலேயே இரண்டு நாளையும் கழித்துவிடாதீர்கள். அங்கே ஆடுகிறவர்கள் திறமைசாலிகள், சந்தேகமில்லை. ஆனால் அந்த மாதிரி ஆட்டத்தை டிவியிலும் பார்க்கலாம். பத்து வயதுப் பிள்ளைகளும், ஐம்பதைத் தாண்டிய அப்பாக்களும், நர்ஸ் வேலை முடித்து நேராக வந்து ஆடும் பெண்களும் ஒரே தெருவில் அடுத்தடுத்த ரிங்கில் ஆடுவதை வேறெங்கும் பார்க்க முடியாது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் இரண்டடி தூரத்தில் ஆட்டம். ஷூ தாரில் உரசுகிற சத்தம் கூடக் கேட்கும்.

பார்க்கத் தெரிந்து பார்த்தால் சுவை கூடும் என்பதால் சில விவரங்கள்.

கார் ஓடும் சாலை சமதளம் கிடையாது. மழைத்தண்ணீர் வழிவதற்காக நடுவில் உயர்த்தி, ஓரங்களில் சரித்துத்தான் போடுவார்கள். சரிவு பொதுவாக 100-க்கு 2 அளவில் இருக்கும். நடுச்சாலையிலிருந்து 5 மீட்டர் தள்ளி, நடைபாதை ஓரத்தில் நிற்கிறவர் 10 சென்டிமீட்டர் கீழே நிற்கிறார். நடுவில் நிற்பவருக்கு ரிங் 3.05 மீட்டர் உயரம் என்றால் இவருக்கு அதே ரிங் 3.15 மீட்டர். உள்ளரங்கில் பழகியவர்கள் ஓரத்திலிருந்து எறியும் பந்து முன்கம்பியில் பட்டுத் திரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கை சரியில்லை என்று நினைத்து எறிகிற முறையையே மாற்றுவார்கள், அதோடு எல்லாம் கெடும். முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கி எழும்பினால் போதும். கீழே விழுந்த பந்தும் ஓரத்தை நோக்கித்தான் உருளும். இது தெரிந்த அணி, ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, ஒருவரைச் சரிவின் பக்கமே நிறுத்தி வைத்திருக்கும். கவனித்துப் பாருங்கள்.

மேன்ஹோல் மூடி இருந்தால் அதன்மேல் பந்தைத் தட்டக்கூடாது. இரும்பில் பட்டால் வேறு உயரத்துக்கு எழும்பும், கால் பட்டால் வழுக்கும். சாலை வெடிப்பில் ஊற்றி அடைத்த தார் மதிய வெயிலில் இளகிப் பந்திலும் ஷூவிலும் ஒட்டும். ஆட்டம் தொடங்குமுன் ஒரு நிமிடம் கோர்ட்டைச் சுற்றி நடந்து இவற்றையெல்லாம் பார்த்து வைப்பவர்கள்தான் விவரமானவர்கள். நகர்த்தும் கம்பங்கள் என்பதால் ரிங்குக்குப் பின்னால் உள்ள போர்டு அதிரும். போர்டில் தட்டி விழவைக்கிற ஷாட்டை வார்ம்-அப்பிலேயே நாலைந்து முறை போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

புள்ளிக் கணக்கும் வேறு. ரிங்கைச் சுற்றிப் போட்டிருக்கும் வளைவுக் கோட்டுக்கு உள்ளிருந்து எறிந்து விழுந்தால் 1, வெளியிலிருந்து என்றால் 2; முதலில் 20 எடுத்தால் வெற்றி. வழக்கமான கூடைப்பந்தில் 2-ம் 3-ம் என்பதால் வெளியிலிருந்து எறிவது ஒன்றரை மடங்கு மதிப்பு. இங்கே இரண்டு மடங்கு. உள்ளே 100 முறை எறிந்து 50 விழுந்தால் 50 புள்ளி. வெளியே 100-க்கு 30 விழுந்தாலே 60. அதனால் தூரத்திலிருந்து நன்றாக எறியும் ஒருவர் உள்ள அணி, உயரமான மூவர் உள்ள அணியைச் சாதாரணமாகத் தோற்கடிக்கும். ஆனால் கட்டடங்களுக்கு நடுவே பிற்பகலில் காற்று எழுந்துவிட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகும். அப்போதும் வெளியிலிருந்தே எறிந்துகொண்டிருக்கும் அணி வெளியேறிவிடும்.

அணியில் நான்கு பேர் வரை சேர்க்கலாம். மூன்று பேரோடு மட்டும் பெயர் கொடுப்பது பெரிய தவறு. ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் இரண்டு பேராக நிற்க வேண்டிவரும். அரைக் கோர்ட் என்பதால் ஓட்டம் குறைவு என்று நினைப்பவர்கள் முதல் ஐந்து நிமிடத்திலேயே உண்மையைத் தெரிந்துகொள்வார்கள். இங்கே ஒதுங்கி நின்று மூச்சு வாங்க ஒரு மூலையும் கிடையாது.

இனி நான் மிகவும் மதிக்கிற விஷயம். பெரும்பாலான கோர்ட்டுகளில் விசில் ஊதும் நடுவர் கிடையாது. ஃபவுலை ஆடுபவர்களே சொல்ல வேண்டும். கோர்ட் மானிட்டர் என்று ஒரு தன்னார்வலர் ஸ்கோரைக் குறிப்பார், தகராறு வந்தால் தீர்த்து வைப்பார். ஊதியம் இல்லாமல், நாள் முழுக்க வெயிலில் நிற்பவர் அவர். தப்பு நடப்பது பெரும்பாலும் எங்கே தெரியுமா? ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் ஸ்கோரை வாய்விட்டுச் சொல்லாததில்தான். 14-12 என்று ஒருவர் நினைத்திருக்க, 13-12 என்று இன்னொருவர் நினைத்திருக்க, 19-ஆவது புள்ளியில் சண்டை வெடிக்கும். கூடை போட்டவுடன் ‘எட்டு ஆறு’ என்று சத்தமாகச் சொல்லி, மானிட்டர் தலையசைத்த பிறகு ஆட்டத்தைத் தொடங்குகிற அணிகளில் இந்தத் தகராறே வராது. ஃபவுலையும் பட்ட அதே கணத்தில் சொல்ல வேண்டும். பந்து விழுகிறதா என்று பார்த்துவிட்டு, விழாததால் ‘ஃபவுல்’ என்று சொல்வதை யாரும் ஏற்கமாட்டார்கள். அடுத்த பத்து நிமிடமும் அந்த ஆளை நம்பவும் மாட்டார்கள்.

இதே நேர்மை பெயர் கொடுக்கும்போதே தொடங்க வேண்டும். ஆடுபவரின் வயது, உயரம், விளையாடிய அனுபவம் இவற்றை வைத்துத்தான் எந்த அணி எந்தப் பிரிவில் ஆடும் என்று பிரிக்கிறார்கள். கல்லூரி அணியில் ஆடியதை மறைத்து, உயரத்தில் இரண்டு அங்குலம் குறைத்துப் போட்டு, பொழுதுபோக்குக்காக வந்தவர்களோடு மோதிக் கோப்பை வாங்குவது எனக்குத் துளியும் பிடிக்காத காரியம். எதிரில் நிற்பவர்கள் வருடத்தில் இந்த ஒரு தடவைதான் ஆட வருகிறார்கள். 20-3 என்று தோற்றுத் திரும்பினால் அடுத்த வருடம் வரமாட்டார்கள். இந்தப் போட்டி ஓடுவதே அவர்களால்தான். பார்வையாளர்களாகப் போகிறவர்களும் கயிற்றுக்கு வெளியிலிருந்து ஃபவுல் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது நல்லது. பிள்ளைகள் ஆட்டத்தில் பெற்றோர் கத்தினால் மானிட்டர் பாடு திண்டாட்டம்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது என்ன என்று அலட்சியம் வரும். அங்கே காற்று வறண்டது. வியர்வை வந்தவுடன் காய்ந்துவிடும், உடம்பில் தண்ணீர் போவதே தெரியாது. சட்டையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஏற்கெனவே தாமதம் என்று அர்த்தம். காற்றில் 32 டிகிரி என்றால் தார் 50-ஐத் தாண்டிச் சுடும். 2021 ஜூன் 29 அன்று அந்த ஊரில் 42.8 டிகிரி பதிவானது. கொரோனாவால் அந்த ஜூனில் போட்டி இல்லாதது எவ்வளவு நல்லது! தண்ணீரோடு உப்பும் உள்ளே போக வேண்டும். ஐஸ் பெட்டியில் உப்புப் போட்ட மோர் கொண்டுபோனால் கடையில் விற்கும் கலர் பானத்துக்கு அவசியமே இல்லை. வெயிலில் ஆடுபவருக்குச் சிலிர்ப்பு, தலைசுற்றல், பேச்சில் குழப்பம் தெரிந்தால் ஆட்டத்தை விட்டு உடனே முதலுதவிக் கூடாரத்துக்கு அழைத்துப் போங்கள்.

நிழலுக்கு ஒரு கணக்கு. அங்கே ஜூன் கடைசியில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் ஏறக்குறைய மதியம் 1 மணிக்கு. அப்போதும் தலைக்கு நேர் மேலே நிற்காது, தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் கிழக்கு மேற்காகப் போகும் மெயின் அவென்யூ, ரிவர்சைடு அவென்யூ போன்ற தெருக்களில் தெற்குப் பக்க நடைபாதையில் கட்டட நிழல் கிடைக்கும். 30 மீட்டர் கட்டடம் என்றால் சுமார் 13.5 மீட்டர் நிழல். மடக்கு நாற்காலியை அங்கே போடுங்கள்.

ஆடுகிறவர்கள் புது ஷூவோடு வரவேண்டாம். இரண்டாவது ஆட்டத்தில் குதிகாலில் கொப்புளம் நிச்சயம். பழகிய, தடித்த ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ போதும். ஆட்டத்துக்கு ஒரு ஜோடி சாக்ஸ் என்று கொண்டுபோய் மாற்றுங்கள். தாரில் விழுந்து முழங்கால் தோல் வழன்றால் முதலில் தண்ணீர் விட்டு மணலைக் கழுவுங்கள். ஈரத்தில் பிளாஸ்திரி ஒட்டாது, சுற்றுத்துணிதான் நிற்கும்.

காரை நகர மையத்துக்குள் கொண்டுபோக முயல வேண்டாம். ஆற்றுக்கு வடக்கே நிறுத்திவிட்டு, ஹோவர்டு தெருப் பாலங்கள் வழியாக ரிவர்ஃப்ரன்ட் பூங்காவைக் கடந்து நடந்துவாருங்கள். திரும்பும்போது யாரையாவது தவறவிட்டால் செல்போன் அழைப்பை நம்பாதீர்கள், அவ்வளவு கூட்டத்தில் இணைப்பு கிடைப்பது சந்தேகம். பூங்காவில் உயர்ந்து நிற்கும் பழைய ரயில் நிலைய மணிக்கூண்டு தூரத்திலிருந்தே தெரியும். காலையிலேயே அதைக் காட்டி, தொலைந்தால் இங்கே வந்து நில் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.