அட்டையில் காலியாக இருக்கும் இடம்

பண்டிகை வந்தால் போதும், போனில் வாழ்த்துப் படங்கள் வந்து குவிகின்றன. ஒரே படம் நாலு பேரிடமிருந்து வருகிறது. நானும் பதிலுக்கு ஒரு கைகூப்பும் பொம்மையைத் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறேன். சாயங்காலத்துக்குள் யார் யார் அனுப்பினார்கள் என்பதே மறந்துவிடுகிறது.

போன மாதம் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பழைய நோட்டுக்குள்ளிருந்து அத்தை அனுப்பிய வாழ்த்து அட்டை விழுந்தது. அத்தை இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. முன்பக்கத்தில் ஏதோ பூப்படம். உள்ளே, அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே, அத்தையின் கையெழுத்தில் நாலு வரி. "உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி கண் விழிக்காதே" என்று தொடங்கி, இடம் போதாமல் கடைசி வரி ஓரமாக வளைந்து மேலே ஏறியிருந்தது. ஒரு சொல்லை அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறு சொல் எழுதியிருந்தார். பேனாவை அழுத்தி எழுதுவது அவர் வழக்கம். அட்டையைத் திருப்பித் தடவினால் ஒவ்வொரு எழுத்தும் விரலில் தட்டுப்பட்டது. வெகுநேரம் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அத்தை போனில் அனுப்பிய செய்திகளும் என்னிடம் இருந்தன. போன் மாற்றியபோது போய்விட்டன.

இத்தனைக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையே நேரமில்லாத ஒருவர் கண்டுபிடித்த வழிதான். லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்குப் பண்டிகைக் கடிதங்கள் ஏராளமாக வந்தன, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத அவருக்கு நேரமில்லை. 1840ல், ஒரு பென்னி காசுக்குக் கடிதம் அனுப்பும் பென்னி தபால் வந்து, கடிதம் அனுப்பும் செலவு குறைந்திருந்த காலம் அது. அந்தத் தபால் சீர்திருத்தத்தில் கோலும் வேலை பார்த்தவர். 1843ல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரையச் சொல்லி, சுமார் 1,000 அட்டைகள் அச்சடித்தார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான் என்கிறார்கள். அவ்வளவு அவசரத்திலும், யாருக்கு, யாரிடமிருந்து என்று கையால் எழுத அதில் இடம் விட்டிருந்தார்.

நான் சொல்ல வருவது அந்தக் காலி இடத்தைப் பற்றித்தான். அச்சடித்த கவிதைக்குக் கீழே வெறும் கையொப்பம் மட்டும் போட்டு வரும் அட்டைகள் என்னைத் தொடுவதில்லை. அந்த ஆளுக்கு மட்டுமே எழுதக்கூடிய ஒரு வரி வேண்டும். "புது வீட்டில் வெளிச்சம் வருகிறதா?", "முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?" இவ்வளவு போதும். கையெழுத்து கோணலாக இருக்குமே என்று சிலர் தயங்குகிறார்கள். கோணலாகவே இருக்கட்டும். அதைப் பார்த்துத்தானே உறையைப் பிரிக்கும் முன்பே இது உன்னுடையது என்று தெரிகிறது! வெளிநாட்டுக்கு அனுப்புவதை மட்டும் சில வாரங்கள் முன்பே தபாலில் சேர்த்துவிடுங்கள்.

இந்த வருடம் பதினொரு அட்டைகள் வாங்கி வைத்திருக்கிறேன். முதலாவதை அத்தை மகளுக்கு எழுதினேன். அலமாரியில் கிடைத்த அட்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, இடம் போதாமல் உறையின் உள்பக்கத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். நாளைக் காலையில் தபால் பெட்டியில் போட வேண்டும்.