எட்வின் ஜாக்சனும் 14 அணிகளும்

107 வெற்றி, 133 தோல்வி, 9 இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த சராசரி 4.78 ரன். இந்தக் கணக்கை மட்டும் வைத்து எட்வின் ஜாக்சனை "எந்த அணியிலும் நிலைக்காத பிட்ச்சர்" (பந்து வீசுபவர்) என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. அமெரிக்க பேஸ்பாலின் மேல்மட்ட லீகான மேஜர் லீகில், வேறு யாரும் ஆடாத அளவுக்கு 14 அணிகளுக்கு ஆடியவர் அவர். 2025இல்தான் ரிச் ஹில் அந்தச் சாதனையைச் சமன் செய்தார். வேலைக்கு ஆகாத ஆளை 14 அணிகள் கூப்பிடாது.

ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். ஐந்து ஸ்டார்ட்டர்கள் (ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்ச்சர்கள்) முறைவைத்து வீசினால், காயமில்லாத ஒருவருக்கு 32 ஆட்டம் போல வரும். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஸ்டார்ட்டர் மூன்றாவது இன்னிங்ஸோடு வெளியேறினால் மிச்சம் ஆறு இன்னிங்ஸும் புல்பென் (மாற்றாக வந்து வீசும் பிட்ச்சர்கள்) தலையில் விழும். அவர்கள் கை சோர்ந்தால் மறுநாள் ஆட்டமும் போச்சு. ஜாக்சன் 2007 முதல் 2013 வரை ஏழு சீசனிலும் 31 ஆட்டத்துக்குக் குறையாமல் ஸ்டார்ட் செய்தார். அணிகள் காசு கொடுத்தது இதற்குத்தான்.

அணி மாறியதற்குக் காரணம் பெரும்பாலும் ஒப்பந்தக் கணக்கு. மூன்று வருட சர்வீஸ் (மேஜர் லீகில் இருந்த காலம்) ஆனால் சம்பளம் ஏறத் தொடங்கும், ஆறு வருடம் ஆனால் வீரர் எங்கு வேண்டுமானாலும் போகலாம். அதற்குள் கைமாற்றி லாபம் பார்ப்பதே அணிகளின் வழக்கம். 2011 ஜூலை 27 அன்று சிகாகோவின் வைட் சாக்ஸ் அணி அவரை டொராண்டோவுக்குக் கொடுத்தது. டொராண்டோ அன்றே செயின்ட் லூயிஸுக்கு அனுப்பியது. அந்த வருடம் சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸை ஜெயித்ததும் செயின்ட் லூயிஸ்தான்.

பிறகு சிகாகோவின் இன்னொரு அணியான கப்ஸ் நான்கு வருடத்துக்கு 5.2 கோடி டாலர் கொடுத்தது. 2013இல் 8 வெற்றி, 18 தோல்வி. 2015 சீசன் நடுவில் கழற்றிவிட்டார்கள். இப்படி அணியின் 40 பேர் பட்டியலிலிருந்து நீக்கப்படும் வீரரை வெய்வரில் (விடுவிக்கும் முன் மற்ற அணிகள் அவரை உரிமை கோரும் முறை) எடுக்கும் அணி முழுச் சம்பளத்தையும் சுமக்க வேண்டும். அதனால் யாரும் தொடமாட்டார்கள். விடுவித்த பிறகு எடுத்தால் குறைந்தபட்சச் சம்பளம் மட்டும் போதும், மீதி பழைய அணியின் பொறுப்பு. அட்லாண்டா அப்படித்தான் அவரை எடுத்தது.

குறை இல்லாமல் இல்லை. வேகமும் ஸ்லைடரும் (பக்கவாட்டில் விலகும் பந்து) அருமை, கட்டுப்பாடுதான் தவறும். அடிக்கக்கூடிய எல்லைக்கு வெளியே இரண்டு பந்து போனதும் வேறு வழியின்றி ஃபாஸ்ட்பாலை நடுவில் போட வேண்டிவரும், பேட்டர் அதற்குத்தான் காத்திருப்பார். 2010 ஜூன் 25, அரிசோனாவுக்காக டாம்பா பே அணிக்கு எதிராக வீசிய நோ-ஹிட்டரை (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) பாருங்கள். எட்டு வாக் (எல்லைக்கு வெளியே நான்கு பந்து போய் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்), அதில் ஏழு முதல் மூன்று இன்னிங்ஸில். மூன்றாவதில் ஒரு அவுட்கூட இல்லாமல் மூன்று பேஸும் நிரம்பின, ஆனால் ரன் விடவில்லை. 149 பந்து வீசி 1-0 என முடித்தார். ஒரு கையை அவ்வளவு தூரம் வேலை வாங்கியது எனக்கு இன்றும் ஒப்பவில்லை.

2018இல் ஓக்லாந்தின் ஸ்டார்ட்டர்கள் ஒவ்வொருவராகக் காயத்தில் விழுந்தார்கள். மைனர் லீக் (கீழ்மட்ட லீக்) ஒப்பந்தத்தில் வந்த ஜாக்சனை ஜூனில் மேலே அழைத்தார்கள். 17 ஸ்டார்ட், 6 வெற்றி, 3 தோல்வி, சராசரி 3.33. ஓக்லாந்து 97 ஆட்டம் ஜெயித்து, சாம்பியன் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போனது.