உவமை எளிமைக்காக மட்டுமா?

"படிக்காத உழவர்களுக்கு எளிதாகப் புரியவே இயேசு உவமை சொன்னார், வேறு காரணமில்லை" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பாதி சரிதான், ஐயா. அவர் சொன்ன, வயலில் விதை தெளிக்கும் விதைப்பவன் கதை திருவையாற்றில் சம்பா விதை தெளிப்பவருக்கும் சட்டென்று கண்முன் வரும். மக்களின் கேட்கும் திறனுக்கேற்பப் பேசினார் என்று பைபிளில் மாற்கு நற்செய்தி 4:33-ம் சொல்கிறது.

ஆனால் மத்தேயு நற்செய்தி 13:10-ல், ஏன் மக்களிடம் உவமைகளாகப் பேசுகிறீர் என்று சீடர்களே இயேசுவிடம் நேரடியாகக் கேட்கிறார்கள். விண்ணரசின் (கடவுளின் ஆட்சியின்) மறைபொருளை அறிவது சீடர்களாகிய உங்களுக்கு அருளப்பட்டிருக்கிறது, மற்ற மக்களுக்கு அல்ல என்பதே அவர் பதில். அப்புறம், கண்டும் காணாத மக்களைப் பற்றிய ஏசாயா இறைவாக்கினரின் வாக்கு வருகிறது. சீடர்களுக்கே விதைப்பவன் கதையை விளக்க வேண்டியிருந்ததே!

வேளாங்கண்ணியில் வாங்கிய பைபிளோ, தரங்கம்பாடிப் பாட்டி வைத்திருப்பதோ, எதுவானாலும் மத்தேயு 13-ல் 10 முதல் 17 வரை வாசித்துப் பாருங்கள்.