மலையகத்தில் இருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை இல்லையா?

"1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து கிளிநொச்சி, வவுனியாவுக்கு வந்தவர்கள் இந்தியர்கள், குடியுரிமை இல்லாதவர்கள்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

பிழை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இலங்கை மலையகத்தின் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது உண்மைதான். செய்தியை எழுதியவர் அத்தோடு வாசிப்பதை நிறுத்திவிட்டார் போல. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த, வேறு குடியுரிமை இல்லாத இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை தந்தது. இடையில் படகேறி இந்தியாவில் அகதியாக இருந்தவர்களுக்காக 2009இல் திருத்தமும் வந்தது.

காணிப் பத்திரம் இழுபடுகிறதே என்றால், சரி, அது வேறு வழக்கு. 'வந்தான் வரத்தான்' (வெளியில் இருந்து வந்து ஒட்டியவர்கள்) என்ற பழைய பேச்சுக்குச் சட்டத்தைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.