ஏழு கையெழுத்து இருந்தால் நம்பிவிட வேண்டுமா?

இரண்டு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. எந்த விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை, திருநெல்வேலி வண்ணார்பேட்டை டீக்கடை வரை தெரிந்துவிட்டது. தெரியாதவர்களுக்காக ஒரு வரி: மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிக்கிற ஒரு பையனை, கல்லூரிக் கமிட்டி ஃபைனல் இயர் பரீட்சைக்கு அனுப்பவில்லை. வருகைப்பதிவு தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீதம் வேண்டும் என்பது விதி. இரண்டையும் தாண்டியிருக்கிறான். இன்டர்னல் மார்க்கும் இருக்கிறது. "அட்டிட்யூட் சரியில்லை" என்று ஒற்றை வரி, கீழே ஏழு கையெழுத்து.

இதைப் பற்றிய ஒரு பதிவில், என்ன அட்டிட்யூட், எந்த வார்டில், யாரிடம், என்றைக்கு என்று ஒரு கமென்ட் போட்டேன். "ஏழு பேர் உட்கார்ந்து எடுத்த முடிவு, நம்புங்க அண்ணாச்சி" என்று பதில் வந்தது. எழுதியவர் மாணவராக என்னிடம் கேஸ் பிரசன்ட் பண்ணிப் பழகியவர். அன்றைக்கெல்லாம் நான் அண்ணாச்சி இல்லை, சார். சரி, அது கிடக்கட்டும்.

ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்பது எனக்குத் தெரிகிறது. ஏழு பேரும் யோசித்தார்களா என்பதுதான் கேள்வி. பந்தியில் பெரியவர் இலையை மூடியதும் மற்றவர்களும் பாதிச் சாப்பாட்டில் மூடிவிட்டு எழுவார்கள். துறைத் தலைவர் (ஹெச்.ஓ.டி.) முதலில் வாயைத் திறக்கிற கமிட்டியும் அதேதான். அப்புறம் கூட்டக் குறிப்பில், அதாவது மினிட்ஸில், "ஏகமனதாக" என்று எழுதிவிடுவார்கள்.

நான் மருத்துவ மேற்படிப்பு (பி.ஜி.) படித்தபோது எங்கள் யூனிட் சீஃப் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ரவுண்ட்ஸில் முதலில் பயிற்சி மருத்துவரான ஹவுஸ் சர்ஜன் பேச வேண்டும், பிறகு பி.ஜி.க்கள், பிறகு உதவிப் பேராசிரியர்கள். அவர் கடைசியில்தான் பேசுவார். சேரன்மகாதேவிப் பக்கத்து விவசாயி ஒருவர் ஒரு வாரக் காய்ச்சலோடு கிடந்தார். நாங்கள் எல்லோரும் மனசுக்குள் வைரல் என்று முடிவு கட்டியிருந்தோம். ஹவுஸ் சர்ஜன் பெண் ஒருத்தி, குரல் வெளியே வராமல், "சார், இடுப்பு மடிப்பில் கருத்த பொருக்கு ஒன்று இருக்கு" என்றாள். ஸ்க்ரப் டைஃபஸ், சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சல், அந்தப் பொருக்குதான் அடையாளம். டாக்ஸிசைக்ளின் போட்டதும் காய்ச்சல் இறங்கியது. சீஃப் முதலில் "வைரல்தானே?" என்று கேட்டிருந்தால் அவள் வாயைத் திறந்திருக்க மாட்டாள். எங்களில் யாரும் வேட்டியை விலக்கிப் பார்த்திருக்கவும் மாட்டோம். அந்த யூனிட் எடுத்த முடிவை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன், எப்படி எடுத்தார்கள் என்று தெரியும் என்பதால்.

"அப்போ ஒரே ஆளிடம் அதிகாரத்தைக் கொடுக்கலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. கமிட்டி வேண்டும் என்று கத்துகிறவனே நான்தான். ஒரு பேராசிரியருக்குப் பிடிக்காமல் போனால் ஒரு வருடம் போய்விடும் என்ற காலத்தைப் பார்த்தவன். பல்கலைக்கழகப் பிராக்டிகலில் குறைந்தது பாதித் தேர்வாளர்கள் வெளியிலிருந்து வரவேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்களே, ஏன்? உள்ளூரில் ஒருவர் முகத்துக்காக இன்னொருவர் தலையாட்டுவோம் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த ஏழு பேரில் வெளியாள் யார்? ஒருவரும் இல்லை.

"நடத்தையையும் பார்க்கத்தானே வேண்டும்?" பார்க்க வேண்டும். 2019 பாடத்திட்டத்திலேயே மனப்பான்மை, நெறிமுறை, பேசும் முறை கற்றுத்தரும் ஏட்காம் வந்துவிட்டது. ஆனால் தவறு நடந்த வாரமே கூப்பிட்டுச் சொல்லி, எழுதி வைத்து, திருந்த அவகாசம் கொடுத்திருக்க வேண்டும். பரீட்சைக்கு முந்தின மாதம் திடீரென்று கண்டுபிடிப்பதற்குப் பெயர் மதிப்பீடு இல்லை.

"மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியாததா?" இதற்கு என்ன சொல்ல. 2023-இல் இரண்டு தாள் உள்ள பாடங்களுக்குத் தேர்ச்சி மதிப்பெண்ணை 50-இலிருந்து 40 சதவீதமாகக் குறைத்தது தேசிய மருத்துவ ஆணையம். சில வாரங்களில் அதுவே வாபஸ் வாங்கியது. 2024-இல் பாடத்திட்ட வழிகாட்டுதலை வெளியிட்டு ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற்றது. டெல்லியில் உட்கார்ந்திருப்பதும் குழுதான்.

இன்னொருவர் நம்ம பக்கத்து மானூர்க் கல்வெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். 1,200 ஆண்டுக்கு முந்தைய பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துச் சாசனம், ஊர்ச் சபையில் எதற்கெடுத்தாலும் "அன்று, அன்று" (அதாவது "அல்ல, அல்ல") என்று மறுப்பவனுக்கு ஐந்து காசு தண்டம் என்கிறது. அந்தக் காலமாக இருந்தால் எனக்குத் தண்டம் போட்டிருப்பார்களாம். போடட்டும், ஜி-பே பண்ணிவிடுகிறேன். ஆனால் அந்தத் தண்டம் எல்லாவற்றையும் மறுப்பவனுக்கு. நான் மறுக்கவே இல்லை, காரணம் கேட்டேன். அதே கல்வெட்டில் சபையில் பேச யாருக்குத் தகுதி என்பதும் இருக்கிறது. ஊர் முழுக்கப் படிக்கும்படி கல்லில் வெட்டி வைத்தார்கள். உங்கள் மினிட்ஸ் எந்த பீரோவில் இருக்கிறது?

கடைசியாக, இன்பாக்ஸில் ஒரு பெரிய மனிதர். "பையன் உங்க ஆளுகளா?" நம்ம ஊரில் எதைப் பேசினாலும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி. இத்தனை வருடம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஸ்டெதஸ்கோப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவனிடம் இதைக் கேட்க எப்படி மனசு வந்தது? அவன் யார் ஆள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் போவதில்லை. பிளாக் செய்துவிட்டேன்.

"அப்பீல் போகலாமே, எதற்குப் பொதுவெளியில் எழுதுகிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டவர்களும் உண்டு. அப்பீல் கமிட்டியில் யார் யார் என்று விசாரித்தேன். ஐந்து பேர். நான்கு பேர் ஏற்கெனவே அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர்கள்.